நெஞ்சுப் படத்தில் தெரிந்த தோள்கள்

அம்மாவின் வளையல்கள் மன்னியின் கையில் ஏறிய பிறகு கரமனை வீட்டில் எனக்குக் காபி இறங்கவில்லை. சமையலறையிலிருந்து டம்ளரோடு அவள் வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். நெளிநெளியாக வேலைப்பாடு செய்த பழங்காலத்து வளையல்கள். பல் முளைக்கிற வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு நான் அவற்றைத்தான் கடிப்பேனாம், அம்மாவே சொல்லியிருக்கிறாள். அவை எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே வரும் என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மாவின் கை மொட்டையாக இருந்தது, மன்னியின் கை நிறைந்திருந்தது. நான் பார்ப்பதை அம்மா பார்த்துவிட்டாள். "எனக்கு எதுக்குடி இனிமே? அவ போட்டுண்டா அழகா இருக்கு" என்றாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மன்னி என்பது முறைக்குத்தான். அண்ணாவின் மனைவியே தவிர வயதில் என்னைவிடச் சின்னவள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளிக் குடும்பத்துப் பெண். அண்ணாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, அப்படியே கல்யாணத்தில் முடிந்தது. நான் அவளை மன்னி என்பேன், அவள் என்னைச் சேச்சி என்பாள். அடுத்தவளைப் பெரியவளாக்கி விடுவதில் இருவருக்குமே ஒரு நிம்மதி. அம்மா முதலில் அந்தக் கல்யாணத்துக்கு இசையவில்லை. வீட்டுக்கு வந்த மாட்டுப்பெண்ணிடம் நேராகப் பேசாமல், "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அண்ணா வழியாகத்தான் வெகுநாள் பேசினாள். எப்போது அந்த ஊமை நாடகம் முடிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை கரமனைக்குப் போவேன். ஒரு வாரம் போனபோது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மன்னி தமிழ் பேசத் தொடங்கினாள். டிவித் தமிழோ பஸ் ஸ்டாண்டுத் தமிழோ அல்ல. எங்கள் தெருவில் அம்மா காலத்துப் பெண்கள் பேசுகிற தமிழ். "பாத்திரமெல்லாம் தேய்க்க ஒழிச்சுப் போட்டாச்சும்மா" என்று அவள் சொல்லிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் மலையாளமும் காலேஜில் ஆங்கிலமும் படித்து, நாள் முழுவதும் ஆஸ்பத்திரி மலையாளத்தில் பேசி, என் தமிழ் முனை மழுங்கிக் கிடந்தது. அம்மாவின் பேச்சு அவள் வாயில் பதவிசாக உட்கார்ந்திருந்தது. சொந்த வீட்டில் நான் விருந்தாளியாகிக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய எரிச்சல் சமையலறை விஷயத்தில். என் சின்ன வயதில் அது அம்மாவின் தனி ராஜ்ஜியம். விடியற்காலையில் குளித்து மடிப்புடவை உடுத்திக்கொண்டு உள்ளே போனால், சமையல் முடிந்து சுவாமிக்குக் காட்டும்வரை அவளை யாரும் தொடக்கூடாது. மடிப்புடவை என்றால், நனைத்துப் பிழிந்து, பிறகு யார் கையும் படாமல் உலர்ந்த புடவை. அதற்கென்றே கூரையை ஒட்டி உயரத்தில் ஒரு மூங்கில் கொடி உண்டு. ஈரப்புடவையைக் கோலின் நுனியில் மாட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரே வீச்சில் கொடிமேல் போட்டு விரித்துவிடுவாள். பரீட்சை நாளாக இருந்தாலும் குளிக்காமல் நான் அந்த வாசற்படியை மிதித்தால் தோசைத்திருப்பிதான் பேசும். மாதத்தில் ஒதுங்கியிருக்க வேண்டிய நாட்களில் பின்கட்டு அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, தள்ளி வைக்கப்பட்ட தட்டிலிருந்து சாப்பிட்டுக்கொண்டேதான் மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன்.

அப்பேர்ப்பட்ட அம்மா மன்னிக்காக எல்லாவற்றையும் விட்டாள். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். முதலில் மூங்கில் கொடி இறங்கியது. கொல்லையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நைலான் கயிறு வந்தது. ஒன்பது கஜம் ஆறு கஜமாயிற்று, ஆறு கஜம் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியாயிற்று. கடைசியில் அடுப்பே கைமாறியது. குளிக்காத தலையோடு மன்னி காபி போட, அம்மா கூடத்து நாற்காலியில் மடியில் கை வைத்துக்கொண்டு "டிகாஷன் எறங்கித்தா பாரு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மடியெல்லாம் எங்கேம்மா போச்சு?" என்று நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "காலம் மாறலையா? ஆபீஸுக்குப் போற பொண்ணு. அவளைப் போயி படுத்தலாமோ?" என்றாள். நானும் ஒரு காலத்தில் படிக்கப் போகிற பெண்ணாகத்தான் இருந்தேன். என்னைப் படுத்தக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்று ஃபிளாட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. மகளுக்குத் தளராத விதிகள் மருமகளுக்குத் தளர்ந்தால், அதற்குப் பாசம் என்றுதானே பெயர்? நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அம்மா எழுந்து போய், தன் கையாலேயே எனக்கு அடை வார்த்துப் போடுவாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குச் சேர வேண்டியது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டர். நோயாளிகளின் முகத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. பாதி இருட்டாக்கிய அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவர்களுடைய நிழல்களைப் பார்க்கிறேன். நெஞ்சுப் படம் என்று ஒன்று வந்தால் எல்லாரும் நுரையீரலைப் பார்ப்பார்கள், இதயத்தின் அளவைப் பார்ப்பார்கள், முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் தோள்கள் வந்து நிற்கும். அவற்றைப் பார்க்கச் சொல்லி யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் பகையாக நினைத்து அரிக்கிற நோய் ஒன்று உண்டு, முடக்குவாதம் என்போம். அது வருஷக்கணக்கில் இருந்தால் நெஞ்சுப் படத்தின் ஓரத்தில் அடையாளம் விட்டுவிடும். கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடுகிற காறையெலும்பின் வெளி நுனி கரைந்து, சீவின பென்சில்போலக் கூர்ந்திருக்கும். கையெலும்பின் உருண்டைத் தலை, அதை இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள் நைந்து போனதால், மேலே ஏறித் தோளின் கூரையோடு முட்டிக்கொண்டு நிற்கும். மூட்டுக்குள் இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போயிருக்கும். சிலருக்கு மேல் விலாவெலும்புகளின் ஓரங்கூட லேசாக அரிபட்டிருக்கும்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய் வற்றல் புடைக்கிற தென்காசிப் பெண் ஒருத்தி இருமலோடு வந்தாள். மிளகாய் நெடி இருமல்தான், நுரையீரலில் ஒன்றுமில்லை. அவளுடைய காறையெலும்பைப் பார்த்துவிட்டு மூட்டு டாக்டரிடம் அனுப்பச் சொல்லி எழுதினேன். காலையில் ரவிக்கைக் கொக்கி போட முடியாமல் வெகுகாலமாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம், வயசுக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு. இப்படி நாலைந்து நடந்த பிறகு டிபார்ட்மெண்டில் என்னைத் 'தோள் டாக்டர்' என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லாத வலியைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுகிறவள் என்கிற கர்வம் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் என் ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்தேன். முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற ஆபரேஷன். முந்தின நாள் காலையில் அட்மிட் செய்தோம். மன்னி யாரும் கேட்காமலே லீவு போட்டுவிட்டு, ஃப்ளாஸ்க், துண்டு, தலையணை சகிதம் வந்திருந்தாள். என் ஆஸ்பத்திரி, என் ஆட்கள். இங்கேயாவது நான் முன்னால் நிற்கலாம் என்றிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாக எடுக்கிற நெஞ்சுப் படத்துக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். "நீ போடி, உனக்கு ஜோலி இருக்கும். அவதான் இருக்காளே" என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை மாட்டிவிட மன்னி உள்ளே போனாள். நான் என் இருட்டறைக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன் போன் செய்தான். நெஞ்சுப் படம் எடுக்கும்போது நெஞ்சைப் பலகையில் ஒட்டி நின்று, கைகளை இடுப்பில் வைத்து, முழங்கைகளை முன்னால் தள்ளச் சொல்வோம். அப்போது முதுகுப் பட்டையெலும்புகள் விலகி நுரையீரல் தெளிவாக விழும். டாக்டரின் அம்மாவுக்குத் தோளைத் தள்ள முடியவில்லை, பட்டையெலும்பு நுரையீரலை மறைக்கிறது, மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படம் திரைக்கு வந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. இதயம் அளவாக இருந்தது. வழக்கப்படி மேல் மூலைக்குப் போனேன். போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். வலது காறையெலும்பு நுனி இல்லை. இடதும் அப்படியே. கையெலும்பின் தலைகள் இரண்டும் மேலே ஏறி முட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் பெயரை மறுபடி படித்தேன். அம்மாவின் பெயர்தான். ஒரு வருஷத்து வேலையில்லை இது. வயது ஏறின பிறகு வருகிற முடக்குவாதம் சில சமயம் விரல்களை விட்டுவிட்டுத் தோளில் தொடங்கும்; கையைப் பார்த்தால் தெரியாது. ஆனால் இந்தத் தோள்களோடு ஒரு பெண்ணால் எந்தக் கொடியிலும் எந்தப் புடவையையும் வீசிப்போட முடியாது. ஒன்பது கஜத்தைத் தோள்மேல் இழுத்துவிட முடியாது. தலைவழியாக ஒரு உடுப்பைப் போட முடியாது.

அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் வந்தது. மன்னிக்காக அம்மா எதையும் விடவில்லை. கை தூக்க முடியாமல் விட்டாள். இத்தனை வருஷமும் நான் பாசம் என்று நினைத்துப் புழுங்கியது வெறும் நோயாக்கும். இப்படி ஒரு ஆறுதலோடு நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்த மாத்திரத்தில் கழுத்து ஞாபகம் வந்தது. தோளை இவ்வளவு தின்ற நோய் கழுத்தைச் சும்மா விட்டிருக்குமா? மண்டையைத் தாங்குகிற முதல் எலும்பையும் அதற்கடுத்த எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் நார் இந்த நோயில் தளர்ந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் மயக்க நிலையில் அம்மாவின் தலையைச் சாய்த்துத் தொண்டைக்குள் குழாய் விடுவார்கள். கட்டுத் தளர்ந்த கழுத்தை அப்படி அசைத்தால் எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். பித்தப்பைக் கல்லுக்குப் போன அம்மா, கையும் காலும் வராமல் கண் விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம்.

வார்டுக்கு ஓடினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மன்னி புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரெண்டு கையையும் தூக்கு பாப்போம்."

"எதுக்கு?"

"தூக்கேன்."

"வயத்துல கல்லுன்னு வந்தா கையைத் தூக்கச் சொல்லறாளே. உனக்கு வேற ஜோலி இல்லையாடி?" என்று மன்னியைப் பார்த்துச் சிரித்தாள். மன்னி சிரிக்கவில்லை.

"கழுத்து வலிக்கறதா? குனிஞ்சா கை மரத்துப் போறதா? உள்ளதைச் சொல்லும்மா."

"ஒண்ணும் இல்லையாக்கும். வயசானா அங்க இங்க பிடிக்காதா என்ன?"

சொல்லிக்கொண்டே அம்மா மன்னியை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. ஒரு ரகசியம் அந்தக் கட்டிலுக்கும் அந்த மடித்த புடவைக்கும் நடுவில் போய்வந்தது, என்னைத் தாண்டி. படத்தைப் பார்த்து வந்த சந்தோஷமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது. நான் இன்றைக்குத் திரையில் கண்டுபிடித்ததை இவள் எப்போதோ அறிந்திருக்கிறாள்.

"சேச்சி, வாங்கோ, ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்" என்று மன்னி எழுந்தாள்.

கான்டீனில் சாயாவைத் தொடாமல் சொன்னாள். "அம்மா பகவதி மேல சத்தியம் வாங்கிண்டிருக்கா. தோஷம் எனக்கு வரட்டும். கொறச்சு வருஷமாச்சு சேச்சி. காலையில எழுந்தா ரெண்டு கையும் அசையாது. நான்தான் பிடிச்சு உக்கார வைப்பேன். வெந்நீர்ல துணி முக்கித் தோள்ல போடுவேன். வெயில் ஏறினப்புறம்தான் கொஞ்சம் எளகும். அதுக்கப்புறம் ஆபீஸுக்கு ஓடுவேன். எத்தனை லேட் மார்க் வாங்கியிருக்கேன் தெரியுமோ?"

"கழுத்து?"

"குனிஞ்சா உள்ள கடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்னா. கையில ஷாக் அடிச்ச மாதிரி ஓடறதுன்னா. ராத்திரி துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு வெச்சாத்தான் தூங்குவா. எனக்கு பேடியா, பயமா இருந்தது. வைத்தியசாலையில எண்ணெய் வாங்கித் தேய்ச்சேன். பொண்ணு டாக்டர், ஒரு வார்த்தை சொல்லலாம்மான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். சொன்னா சாப்பிட மாட்டேன்னுட்டா."

கையில் மின்சாரம் ஓடியது என்றதுமே எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "உன்கிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட சொல்லலை" என்பதுதான். டாக்டர் பேசுகிற பேச்சில்லை அது.

மன்னி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இதைத்தானே ஓரோ ஞாயித்துக்கிழமையும் பாத்துண்டிருந்தேள்? எனக்குத் தந்ததில்லை இது. அம்மாவுக்கு அப்போ மணிக்கட்டு வீங்கிப் போச்சு. சோப்புப் போட்டுக் கழட்டினது. 'வெறும்கையைப் பாத்துட்டு அவ ஏன்னு கேப்பா, நீ போட்டுக்கோ'ன்னா. உங்க வளையலைப் போட்டுண்டு உங்களுக்கே காப்பி கொண்டுவந்து தரேன். அது எனக்கு சுகமா இருந்ததுன்னு நெனச்சேளா? உங்களுக்கு என்மேல அசூயை, எனக்குத் தெரியும். எனக்கும் உண்டு சேச்சி."

"உனக்கா? என்மேலயா?"

"சனிக்கிழமையே வலி மாத்திரை கூடுதலாப் போட்டுப்பா. ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி எழுப்பச் சொல்லுவா. வெந்நீர், எண்ணெய், எல்லாம் நான்தான். எதுக்கு? நீங்க வரேள், உங்களுக்கு அடை வார்க்கணும். நீங்க கெளம்பி உங்க கார் தெரு முக்கு திரும்பினதும் படுக்கையில விழுவா. திங்களும் செவ்வாயும் எழுந்திருக்க மாட்டா. நான் இந்தாத்துக்கு வந்தபோ அம்மா என்கிட்ட பேசலை. பேச ஆரம்பிச்சபோ கை போயிடுத்து. ஒரு அடை அந்தக் கையால எனக்குக் கெடைச்சதில்லை. உங்களுக்கு அம்மா கெடைச்சா. எனக்கு நோயாளிதான் கெடைச்சா."

அதைக் கேட்டு நான் இரங்கியிருக்க வேண்டும். முதலில் என் மனசில் வந்தது, அப்படியானால் அடை எனக்கு மட்டும்தானா என்பது. அப்புறம்தான் அவள் கண்களைப் பார்த்தேன். வளையல்களை அவள் பக்கமே தள்ளி, "அம்மா கையால தரட்டும், வாங்கிக்கறேன்" என்றேன். அந்த இடத்திலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

மயக்க மருந்து டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தோம். நேராக ஒன்று, அம்மா தானாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் குனியச் சொல்லி ஒன்று. நான் பக்கத்திலேயே நின்றேன். குனிந்த படத்தில் முதல் எலும்பு இரண்டாவதை விட்டு முன்னால் நகர்ந்து, இருக்கக்கூடாத இடைவெளி விழுந்திருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்க்கிற பேச்சே வேண்டாம், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு அதன்மேல் குழாயை ஓட்டிவிடுகிறேன் என்றாள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். இனி அம்மாவிடம் மறைக்க ஒன்றுமில்லை.

"அவ சொல்லிட்டாளா?" என்றாள் அம்மா.

"படத்துல தெரிஞ்சுதும்மா. தோள் ரெண்டும் அரிச்சுப் போயிருக்கு."

"நெஞ்சுக்கு எடுத்த படத்துல தோள் எதுக்கு வரது?" என்று கோபித்துக்கொண்டாள். யாரோ தன் பெட்டியை அனுமதி கேட்காமல் திறந்துவிட்டதுபோல் அவளுக்கு ஆத்திரம். அப்புறம் தணிந்து, பட்டைக்கு மேலே முகவாயை வைத்துக்கொண்டு சொன்னாள்: "உன்கிட்ட சொன்னா நீ டாக்டராயிடுவே. வரச்சே எல்லாம் கையைப் பிடிச்சுப் பாப்பே, மாத்திரை கேப்பே, உக்காரு உக்காரும்பே. டாக்டர்மார் எனக்கு எத்தனையோ பேர் கெடைப்பா. பொண்ணு நீ ஒருத்திதானே. வாரத்துல ஒரு நாளாவது நான் அம்மாவா இருந்துக்கறேனேன்னு பாத்தேன்."

இத்தனை நாள் ஏங்கியது கையில் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் மன்னி ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அது வாரம் தவறாமல் நான் கரமனையிலிருந்து ஃபிளாட்டுக்குக் கொண்டுபோன முகம்தான். பாவமாக இருந்தது, கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா கண் விழித்ததும் டாக்டரம்மா கைவிரலை அசைக்கச் சொன்னாள், அசைத்தாள். கால்விரலை அசைக்கச் சொன்னாள், அசைத்தாள். கண்ணாடி வழியாக நானும் மன்னியும் பார்த்துக்கொண்டிருந்தோம். வளையல்கள் இப்போது பீரோவில் கிடக்கின்றன. அவளும் போடுவதில்லை, நானும் கேட்கவில்லை.

புண் ஆறின பிறகு மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன வயது மலையாளி டாக்டர். கழுத்துக்கு ஆபரேஷன் வேண்டுமா என்று வேறொரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதுவரை பட்டை. நோயை அடக்க இவர் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை. மறந்துபோய்த் தினமும் போட்டுவிட்டால் ஆபத்து. அதனால் பொறுப்பாக எடுத்துக் கொடுக்க ஒரே ஆள் வேண்டும், யார் கொடுக்கப் போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். "ஞான்" என்றோம் நானும் மன்னியும், ஒரே குரலில். டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவை மூடினார். அம்மாவால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினாள்.

"அவ தருவா. அவளுக்கு என் உடம்பு தெரியும்" என்றாள் மன்னியைக் காட்டி. பிறகு என்னிடம், "நீ ஞாயித்துக்கிழமை வந்துடு. அடையெல்லாம் இனிமே கெடையாது, கேட்டியா. சும்மா வா" என்றாள்.

சும்மா போய் என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. எனக்காக வெந்நீர் ஒத்தடம் போட்டுக்கொண்டு எழுந்த அம்மா இனிமேல் எழுந்திருக்க மாட்டாள். நான் படத்தைப் பார்த்துவிட்டேன் அல்லவா. மன்னிக்கும் முகம் தெளியவில்லை. மாத்திரை கிடைத்தது, அந்தச் 'சும்மா வா' அவளுக்குக் கிடைக்கவில்லை. அம்மா யாருக்கு எதைக் கொடுத்தாள், யாரிடமிருந்து எதை எடுத்தாள் என்று கார்வரை இருவரும் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே நடந்தோம்.

என் காரை அண்ணா ஓட்டினான். பின்சீட்டில் அம்மாவை நடுவில் உட்கார வைத்து நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மழை விட்டுவிட்டதையும், தம்பானூரில் இன்று கூட்டம் குறைவு என்பதையும் அண்ணா சொல்லிக்கொண்டு வந்தான். கிள்ளிப்பாலம் பக்கம் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் என் கை தானாகப் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. பட்டை போட்ட கழுத்துக்கு எங்கள் கை எதுவும் தேவையில்லை, அதைத் தாங்கத்தான் பட்டை. மன்னி கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கரமனைப் பாலம் வருவதற்குள் என் கை மரத்துப் போய்விட்டது. அவள் கையும் மரத்துத்தான் போயிருக்கும். முதலில் அவள் எடுக்கட்டும் என்று நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.